நோயாளியின் இடது

நர்சிங் பள்ளியில் முதல் நாளே சிஸ்டர் அமலோற்பவம் சொல்லிவிட்டார்: "இந்த வாசல்படி தாண்டி வந்தவளுக்குச் சொந்தமா வலதும் கிடையாது, இடதும் கிடையாது. எல்லாம் நோயாளியோடது. எதிரே நிக்கிறவனோட இடது உனக்கு வலப்பக்கம் தெரியும். இதை மறந்தவ ஒருத்தனைக் கொல்லாம வீட்டுக்குப் போக மாட்டா."

சொல்லிவிட்டு, உடம்பை விளக்கிக் காட்ட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். கடலில் சங்கு குளிப்பவர்களின் தெருவிலிருந்து வந்த அல்போன்சா மாட்டினாள். நிமிர்ந்து நின்று, உள்ளங்கை இரண்டும் முன்னால் தெரிய, ஒரு மணி நேரம் பொம்மை மாதிரி. நடுவில் கேட்ட கேள்விக்கு இடது என்பதற்குப் பதில் வலது என்றாள். விரல்முட்டியில் ஸ்கேல் விழுந்தது. வகுப்பு சிரித்தது. அந்தப் பாடம் அவளுக்கு அதன்பிறகு மறக்கவே இல்லை.

மற்றப் பிள்ளைகள் எலும்புகளைப் புத்தகத்தில் படித்தார்கள். அல்போன்சா தன் அக்காள் பிலோமியின் உடம்பில் படித்தாள். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறையெலும்புக்கு கிளாவிக்கிள் என்று பெயர். அது உடைந்தது எழுபத்திரண்டாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கறியில் உப்பு கூடியதற்காக. முன்கையில் பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். அது எதற்காக உடைந்தது என்று பிலோமிக்கே நினைவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அந்த வீட்டில் கிணறு கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் எல்லோரும் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

உடைத்தவன் பிலோமியின் புருஷன் இனிகோ. சங்குகுளியில் அவனை அடிக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் இரண்டு முறை மூழ்கி எடுக்கும் சங்கை ஒரே முக்கில் அள்ளி வருவான். கரைக்கு வந்தால் அந்தக் கைக்கு வேறு வேலை வேண்டுமே. இதில் இன்னொரு கொடுமை, அல்போன்சா லீவில் வந்தால் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அக்காளின் வீக்கத்தைத் தொட்டுக் காட்டிப் பரீட்சை வைப்பான்.

"கொழுந்தியா, இதுக்கு இங்கிலீசுல என்ன பேருளா?"

சொல்லாவிட்டால் அந்த இடத்தையே அழுத்துவான். பிலோமி பல்லைக் கடிப்பாள். அதனால் அல்போன்சா உடனே சொல்லிவிடுவாள். கடைசியாகச் சொன்னது விலா. "ஏழு சோடி நெஞ்செலும்புல நேரா சேரும். அது நெச விலா. அதுக்குக் கீழ மூணு சோடி பொய் விலா. இது எட்டாவது."

"பொய்தான? பெறகு என்னத்துக்கு அழுதா?" என்று இனிகோ விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் சாக வேண்டும் என்று அல்போன்சா அன்றைக்குத் தெருமுனை மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

எழுபத்தைந்து பிப்ரவரியில், சங்குகுளி நடந்துகொண்டிருக்கும்போதே இனிகோ காய்ச்சலில் விழுந்தான். இருமினால் நாற்றம். மூன்று எட்டு வைத்தால் இளைப்பு. நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறது என்று, அல்போன்சாவின் நர்சிங் பள்ளியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். அவள் வார்டிலேயே கிடந்தான். நான்கு நாளும் அவனைத் துடைத்துவிட்டவள் அவள்தான். எப்போது பார்த்தாலும் வலப்பக்கமாகவே ஒருக்களித்துக் கிடந்தான். கெட்ட நுரையீரலைக் கீழே அழுத்திக்கொண்டு நல்லதை மேலே விட்டு மூச்சு வாங்குவது நோயாளிகளின் வழக்கம். புத்தகத்தில் அதுவும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் பொன்னுதுரை எக்ஸ்ரே படத்தோடு வந்தார். துறைமுகத்து அதிகாரி ஒருவர் வீட்டில் யாருக்கோ பிரசவ வலி, கார் வாசலில் நின்றது. அவசரத்தில் படத்தை ஜன்னல் கண்ணாடியில் செருகினார். படம் எடுக்கும்போது இடது எது வலது எது என்று காட்ட வைக்கும் ஈய எழுத்து தொலைந்து ஆறு மாதமாகியும் யாரும் புதிது வாங்கவில்லை. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

"இடது பக்கம் சீழ். ஊசி ட்ரே ரெடி பண்ணு," என்று கை கழுவப் போனார். நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருந்தால் போதும், சீழ் எந்தப் பக்கம் என்று சத்தமே சொல்லியிருக்கும். தட்டவில்லை.

அல்போன்சா படத்தைப் பார்த்தாள். இதயத்தின் நிழல் அவளுடைய இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோல் மாட்டியிருந்தால் அது வலப்பக்கம் தெரிந்திருக்க வேண்டும். படம் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. சீழ் வலது நுரையீரலில். ஊசி போகப்போவது இடதில், அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை நல்ல நுரையீரலில்.

அப்போது புருஷனுக்குத் துணையிருந்த பிலோமி ஜன்னலருகே வந்தாள். படிக்காதவள். படத்தையும் பார்த்து, தன் நெஞ்சிலும் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏளா, நெஞ்சு எனக்கு இங்கனதான துடிக்கி? படத்துலயும் இந்தப் பக்கம்தான் இருக்கு. சரியாத்தான இருக்கு?"

தெரியாதவளுக்குச் சரியாகத்தான் தெரியும். தெரிந்தவளுக்குத்தான் அது தப்பு. அல்போன்சா அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை. முன்கையில் கோணலாகக் கூடியிருந்த எலும்பைப் பார்த்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "சரியாத்தான் இருக்கு."

இனிகோவை எழுப்பி உட்காரவைத்துத் தலையணை மேல் குனியவைத்தார்கள். டாக்டர் இடப்பக்க முதுகில் விலாவை எண்ணத் தொடங்கியதும் அவன் திமிறினான்.

"டாக்டரே, வலி இங்கனயில்லா இருக்கு," என்று வலது கையால் வலப்பக்கத்தைத் தொட்டான்.

"வலி எங்க வேணும்னாலும் ஓடும். படம் பொய் சொல்லுமா? உனக்கு என்னைவிடத் தெரியுமோ?"

இனிகோ கழுத்தைத் திருப்பி அல்போன்சாவைப் பார்த்தான். அந்தக் கண்ணில் கேலி இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. "கொழுந்தியா, நீ படிச்சவ. நீ சொல்லு."

எத்தனை முறை சொல் சொல் என்று கேட்டிருப்பான். ஒவ்வொரு முறையும் சொன்னாள். இந்த ஒரு முறை அவன் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"அசையாதீங்க மச்சான்," என்றாள்.

எட்டாவது விலாவுக்குக் கீழே ஊசி இறங்கியது. சீழ் வரவில்லை. காற்று வந்தது. டாக்டர் இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது. மற்றவர்களுக்கு இரண்டு முக்கு எடுக்கும் வேலையை ஒரே மூச்சில் முடித்தவன், காற்று நிறைந்த வார்டில், தரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு நீலமானது. கால் மணி நேரம் ஆயிற்று. அல்போன்சா கடைசிவரை தோளை விடவில்லை.

"முத்தின கேஸ்," என்றார் டாக்டர். படத்தைக் கழற்றி பிலோமி கையில் கொடுத்துவிட்டுக் காருக்கு ஓடினார்.

அல்போன்சாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். இனி அக்காள் உடம்பில் ஒரு எலும்பும் உடையாது என்று நினைத்துக்கொண்டே உடலைக் குளிப்பாட்டினாள், தாடையைக் கட்டினாள், கைகளை நேராக்கினாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அக்காள் வீட்டுக்குப் போனாள். திருஇருதயப் படத்துக்குப் பக்கத்து ஜன்னலில், நூலில் கோத்து, அந்த எக்ஸ்ரே தொங்கியது. பிலோமி எலும்பும் தோலுமாகக் கீழே உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்களுக்குப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, அவுக நெஞ்சு. ஆஸ்பத்திரில ஒரு தப்பும் நடக்கலை. அவுக கடைசி நேரத்துல அங்க வலிக்கி இங்க வலிக்கின்னு சொன்னப்போ எனக்குப் பகீர்னு இருந்துது. ஆனா எந் தங்கச்சி பாத்துச் சொல்லிட்டா. என் ஒவ்வொரு எலும்புக்கும் பேரு தெரிஞ்சவ அவ. தப்பு இருந்தா விட்டிருப்பாளா? அத நெனச்சுத்தான் சோறு இறங்குது."

பெண்கள் போனபிறகு, பிலோமி அடுப்படிக்கு எழுந்த நேரத்தில், அல்போன்சா படத்தைத் திருப்பி மாட்டினாள். இதயம் தன் சரியான இடத்துக்கு, பார்ப்பவரின் வலப்பக்கத்துக்கு வந்தது. அடுப்படியிலிருந்து திரும்பிய பிலோமி ஒரு கணம் பார்த்துவிட்டு, வந்து, படத்தைப் பழையபடி மாற்றினாள்.

"ஏளா, என்ன இப்படித் திருப்பிப் போட்டுட்ட? நெஞ்சு இந்தப் பக்கம்லா வரணும். நீதான அன்னைக்குச் சொன்ன?"

ஸ்கேல் விழுந்த விரல்முட்டியை அல்போன்சா பிடித்துக்கொண்டாள். சொல்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. அக்காள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமாக்கா," என்றாள் அல்போன்சா.