ஒரு போர்டு, இரண்டு வண்டி

அன்றைக்குக் காலையிலிருந்தே சிநேகாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. படூர் கல்லூரியின் பெரிய கூடத்தில் மற்ற அணிகள் பெட்டி பெட்டியாகச் சாமானை இறக்கிவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் ஐந்தாம் மேசைக்கும் இருபதாம் மேசைக்கும் நடையாய் நடக்கிற வேலை.

எல்லாம் அந்தப் போர்டால் வந்த வினை. ரோபோ வண்டிக்கு மூளை மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை. ஐந்தாம் மேசையில் சிநேகா படிக்கிற திருப்போரூர்ப் பெண்கள் பள்ளியின் வண்டி, இருபதாம் மேசையில் மாமல்லபுரம் பள்ளியின் வண்டி. இரண்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே போர்டு. இரண்டு பள்ளிக்கும் போய்வருகிற ஜெகதீசன் சார் கைக்காசு போட்டு வாங்கியது. இன்னொன்று கேட்டு எழுதிய மனு எந்த அலமாரியில் தூங்குகிறதோ, யாருக்குத் தெரியும்? ஆகவே மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று டிபன் பாக்ஸில் உட்கார்ந்து அது பஸ்ஸில் போய்வந்தது. எந்த வண்டியில் செருகினாலும் ஓடட்டும் என்று சார் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒயர் இழுத்திருந்தார்.

அதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. ஓட்டி முடித்தவர் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் முதல் வேலையாக லேப்டாப்பில் மாட்டி, தன் புரோகிராமை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

போட்டி சுலபம்தான். கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் திரும்பி, சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்லது கணக்கு. புரோகிராம் அந்தந்த அணி எழுதியதாக இருக்க வேண்டும். ஜெயிக்கிற பள்ளிக்குப் புதுப் போர்டும் மோட்டாருமாக ஒரு பெட்டி. சிநேகாவுக்கு அந்தப் பெட்டி வேண்டும். அது வந்தால் இந்தப் பங்கு போடுகிற பிழைப்பு ஒழியும்.

முதலில் மாமல்லபுரத்து உவைஸ் ஓட்டினான். இரண்டாவது வளைவிலேயே சக்கரம் கழன்று வண்டி குப்புற விழுந்தது. அவன் அதை நிமிர்த்துவதற்குள் மைக்கில் திருப்போரூர் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவன் போர்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து கொடுத்தான். சிநேகாவின் கூட்டாளி அன்பரசி வாங்கின கையோடு வண்டியில் செருக, சிநேகா சுவிட்சைத் தட்டினாள்.

முதல் வளைவிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. அவள் புரோகிராம் வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பார்த்துப் பார்த்துத்தான் திருப்பும். “உன் வண்டி வளைவுக்கு சலாம் வச்சிட்டுதான் போவுது” என்று உவைஸ் கிண்டல் செய்வான். இது சலாமும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. வேகம் குறையாமல் வெட்டித் திரும்பியது. நாற்பத்தொரு நொடி. கூடமே கைதட்டியது.

யாரும் புரோகிராமை ஏற்றவில்லை. ஓடியது உவைஸின் புரோகிராம்.

சிநேகா நடுவர் மேசைப் பக்கம் போகவில்லை. இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமல் வந்தாள். உவைஸ் போர்டை வாங்கிப்போய், சக்கரத்தை முடுக்கி, இரண்டாம் ஓட்டத்தை ஓட்டினான். சக்கரம் ஆடியபடியே போய் நாற்பத்தேழு நொடியில் சேர்ந்தது. நேரம் எழுதுகிற பலகையில் முதல் பெயர் அப்போதும் திருப்போரூர்தான்.

“நம்ம ரெண்டாவது ஓட்டம் எதுக்குடி? கம்முனு உக்காரு” என்றாள் அன்பரசி.

உட்காரத்தான் ஆசை. சுவிட்சைத் தட்டியது என் கைதானே, வண்டி என் வண்டிதானே என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. அப்போது உவைஸ் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து, “இந்தா” என்று நீட்டினான். வழக்கப்படி. அவள் வாங்கினாள். நேராக நடுவர் மேசைக்குப் போய் நின்றாள்.

“மேடம், அந்த நாப்பத்தொண்ணு எங்களுது இல்ல. உள்ள இருந்தது மாமல்லபுரம் டீமோட புரோகிராம். மாத்த மறந்துட்டோம்.”

“யாராவது கம்ப்ளைன்ட் பண்ணாங்களா?”

“இல்ல மேடம்.”

அந்த அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் அந்த நேரத்தை அடித்தார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. “உன்னால பேஜாரு” என்று அன்பரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிநேகா தன் புரோகிராமை ஏற்றி ஓட்டினாள். வண்டி வளைவுக்கு வளைவு நின்று நின்று, ஐம்பத்து மூன்று நொடியில் போய்ச் சேர்ந்தது. முதல் பரிசு மாமல்லபுரத்துக்கு.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உவைஸ் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“மொத வளைவுலயே தெரிஞ்சிச்சு. என் வண்டி திரும்புறது எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் இன்னாத்துக்கு சும்மா இருந்த?”

“நீ சொல்றியான்னு பார்த்துகினு இருந்தேன்.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சொல்லாம வுட்டிருந்தா?”

“இன்னா ஆயிருக்கும்? புதுசு உனக்கு, பழசு எனக்கு” என்றான். வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி எழுந்தான். “அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ.”

பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோற்றதற்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. நடுவர் மேசைக்குப் போகாமல் இருக்க எத்தனை ஆசைப்பட்டோம் என்பது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.