எண்ணெய் நெறைஞ்சிருக்கு

சுந்தரராஜுக்கு அறுபத்து நாலு வயது. அவருடைய அம்பாசடருக்கு ஐம்பத்தைந்து. இந்த இரண்டில் தான் யாருக்கு வாழ்க்கைப்பட்டோம் என்று ஞானபூரணத்துக்குச் சந்தேகம் வந்து ஏழு மாதம் ஆகிறது. "நான் இருமுனா உங்களுக்குக் கேக்காது. அது இருமுனா தூக்கத்துலயும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு மேலநீலிதநல்லூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனவள்தான். அவள் வாசல் தாண்டியபோதும் மனிதர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கண்ணில் பட்டது அவள் செருப்பு மட்டும்.

பட்டால்தான் தெரியும் சிலருக்கு. இரண்டு வாரத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேசனுக்குத் தனியாகப் போனார், கட்டோடு தனியாக ஆட்டோவில் திரும்பினார். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்ளத் தெரியாமல் பாதி கன்னத்தில் வழிந்தது. அன்றைக்கு அழுதார். மருந்தா கண்ணீரா என்று கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"நாளைக்கு ஒரு மணிக்குத் தம்பி வீட்டைப் பூட்டிட்டு மதுரைக்குக் கிளம்புதான். மாத்தலாயிருக்கு. அங்கன ஒரு ஹாஸ்டல்ல எனக்கும் வேலை சொல்லி வச்சிருக்கான். அதுக்குள்ள நீங்க வந்தீயன்னா உங்க கூட வாரேன். இல்லன்னா அவன் கூடப் போயிருவேன்."

"கார எடுத்துட்டு வாரேன், பூரணம்."

"கார் வேண்டாம். பஸ்ஸுல வாங்க, போதும்."

அவருக்கு அது காதில் ஏறவில்லை. கல்யாணமான புதிதில் அவளைக் கூட்டிவந்த வண்டியிலேயே மறுபடி கூட்டிவந்தால்தான் மரியாதை என்று நினைத்துவிட்டார். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள்; அவர் ஆசைக்குக் காதும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நின்ற சிமெண்டுத் தரையில் கறுப்பாகச் சொட்டியிருந்தது. கியர் பெட்டியில் கசிவு. டிரைவர் காலடியில் விரிப்பைத் தூக்கி ரப்பர் மூடியைக் கழற்றினால், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி இருக்கும். பார்க்கத் தலைகீழாகக் குனிய வேண்டும். ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பக்கத்து மளிகைக்கடை பாலம்மாள் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அவள் பார்த்துவிட்டு, "எண்ணெய் நெறைஞ்சிருக்கு, அண்ணாச்சி" என்றாள். கடையில் யாரோ கூப்பிட, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தபடி ஓடிவிட்டாள்.

நிறைந்த பெட்டியில் மேற்கொண்டு ஊற்றினால் சீல் பிதுங்கிவிடும். வாங்கி வைத்திருந்த ஆயில் டப்பாக்களை டிக்கியில் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசனையுமாகக் கிளம்பினார்.

ஆறாவது கிலோமீட்டரில் வண்டி முனகியது. ஏழாவதில் அலறியது. அப்புறம் கருகல் வாடை வந்து, மூன்றாவது கியரிலேயே இறுகி நின்றுவிட்டது. சுற்றிலும் உழுது போட்ட கரிசல். மணி பதினொன்றரை. மெக்கானிக் முகம்மது சாதிக்குக்குப் போன் போட்டு, ஒரு மணிக்குள் மேலநீலிதநல்லூர் போய்ச் சேர வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் இருப்பதாகவும் ஒரு மணி நேரத்தில் வருவதாகவும் அவன் சொன்னான்.

பத்து நிமிடத்தில் மேலநீலிதநல்லூர் வழியாகப் போகும் பஸ் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுதீயளா அண்ணாச்சி?" என்றான். பஸ்ஸில் பாதி சீட் காலி.

"வண்டிய அந்தரத்துல விட்டுட்டு எப்படிவே வர? நீ போ."

பஸ் போனது. புழுதி அடங்கியதும் அவருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"பஸ் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"ஏறலையா?"

"கார எப்படி..."

"ஒரு மணி வரைக்கும் பாக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாதிக் வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். கம்பியை உருவினான். துளி ஈரமில்லை.

"யாரு பாத்தா இத?"

"பாலம்மா. காலையில சாமிக்குப் பூ வச்சிட்டு நின்னவளக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். நெறைஞ்சிருக்குன்னுதான சொன்னா."

சாதிக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவுக கடையில அரிசி தீந்துட்டுன்னா என்ன சொல்லுவாவ? தீந்துட்டுன்னு வாயால சொல்லுவாவளா? அபசகுனம்லா. நெறைஞ்சிருக்குன்னுதான சொல்லுவாவ. அதுவும் காலையில, பூ வைக்கிற நேரத்துல. பக்கத்து வீட்டுல முப்பது வருசமா இருந்துருக்கீய, இது தெரியாதா?"

தெரியாது. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் பேசிய பேச்சு ஒன்றும் அவர் காதில் விழுந்ததில்லை. பாலம்மாளைத் திட்ட வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒரு மணியாகப் போவுது. என் பைக்க எடுத்துட்டுப் போங்க. நான் இங்கன நிக்கேன்" என்றான் சாதிக்.

"அஞ்சு நிமிசம். ஊத்திப் பாத்துருவோம்" என்றார்.

சாதிக் புனலில் எண்ணெய் ஊற்ற ஊற்ற, அவர் டாக்டரை மறந்து, டிரைவர் காலடிப் பக்கம் தலையை விட்டுக் கம்பியில் ஏறும் அளவைப் பார்த்தார். தேன் நிறத்தில், கோடு வரை வந்துவிட்டது. ரோட்டில் ஏதோ ஒரு கார் வேகம் குறைத்து, இரண்டு தரம் ஹார்ன் அடித்தது. "போகட்டும், வழி இருக்குல்லா" என்றார் உள்ளே இருந்தபடியே. சாதிக் இறுகிய கியரைத் தட்டித் தட்டி விடுவித்தான். வண்டி லேசாக முனகியது; ஆனால் நகர்ந்தது.

மணி ஒன்றரை. சுந்தரராஜுக்குத் தலைகால் புரியவில்லை. போன் போட்டார்.

"வண்டி சரியாயிட்டு, பூரணம். பத்து நிமிசத்துல அங்கன இருப்பேன்."

"நான் சங்கரன்கோவில் தாண்டிட்டேன்" என்றாள் ஞானபூரணம். "உங்க வழியாத்தான வந்தோம். தம்பி ஸ்லோ பண்ணுனான், ஹார்னும் அடிச்சான். நீங்க நிமிந்தா எறங்கிருவோம்னு கதவுல கை வச்சிருந்தேன்."

அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"கண்ணு ஆபரேசன்னு கேள்விப்பட்டேன். இனும குனியாதீய" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சாதிக் ஸ்டியரிங்கில் இருந்தபடி, "அண்ணாச்சி, நேரா விடட்டா, திருப்பட்டா?" என்று கேட்டான். சுந்தரராஜ் ரோட்டிலேயே நின்றார். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.