அத்தான் மாற்றிய டயர்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகை ஆசிரியரின் வாயிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "மண்வாசனையோட ஒண்ணு குடுங்களேன்" என்றார். குளிரூட்டிய அறை, வழவழப்பான தரை, காலில் வெள்ளைக் காலுறை. மண்வாசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் காலுறை போட்டவர்கள்தான். மண்ணில் நிற்கிறவர்கள் அந்த வாசனையைப் போக்கத்தான் சோப்பு வாங்குகிறார்கள். சரி, கேட்டுவிட்டார். மண்ணில் தண்ணீரையும் ஊற்றிச் சேறாகவே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதே வாரம் என் அக்கா போன் செய்து, சின்ன டிராக்டருக்குச் சேற்றில் வழுக்காத டயர் எது என்று இணையத்தில் தேடிச் சொல்லச் சொன்னாள். இரண்டு வேலையும் ஒன்றாகிவிட்டது. இலக்கியம் இப்படித்தான் பிறக்கிறது. வேறு விதமாகப் பிறப்பதாகச் சொல்கிறவர்கள் மேடைக்காகச் சொல்கிறார்கள்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மழை பெய்துகொண்டிருந்தது." [மழை பெய்யாமல் சேறு எங்கிருந்து வரும்? அடித்தாயிற்று.]

"அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவளுக்குள் ஆயிரமாண்டு மௌனம் மெல்ல—" [அக்கா மௌனமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.]

"டயர் என்பது வாழ்க்கை மாதிரி." [இதை எழுதிய கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் அடுத்த வரியை எழுதுகிறேன்.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். அக்கா நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். பூச்செடி, பழக்கன்று, வேலிச்செடி எல்லாம் உண்டு. நிலம் தாழ்வானது. வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை போகிற ஒரே வழி களிமண். மழைக்காலத்தில் செருப்பு அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். கன்றுகளைச் சாலைக்குக் கொண்டுபோனால்தான் வியாபாரம். அதற்குத்தான் டிராக்டர்.

அத்தான் சாலையோர வழிகாட்டிப் பலகைகள் செய்கிறவர். வீட்டை ஒட்டியே பட்டறை. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பாதே, நேராகப் போ. நாள் முழுக்க அம்புக்குறி வரைகிற மனிதர். இந்தத் தகவலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்கார எழுத்தாளன் இதை நைசாக உள்ளே நுழைத்திருப்பான். நான் கையிலேயே கொடுக்கிறேன். உங்கள் கவனத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

3

இனி டயரைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம். தாண்டிப் போகிறவர்கள் தாண்டலாம். பிறகு கதை புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.

சின்ன டிராக்டருக்கு மூன்று வகை டயர் கிடைக்கிறது. ஒன்று, புல்தரை டயர். அகலமாக, சின்னச் சின்னக் கட்டங்களாக, பார்க்க லட்சணமாக இருக்கும். புல்லுக்கு வலிக்காது. சேற்றில் ஒரு சுற்றுச் சுற்றியதும் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு எண்ணெய் தடவிய உருண்டையாகிவிடும். இரண்டாவது, கெட்டித் தரைக்கான டயர். தடித்த ரப்பர் கட்டைகள். கல், ஜல்லி, சிமெண்டுத் தரைக்கு நல்லது. சேற்றில் சுமாராக இழுக்கும், சுமாராகக் கைவிடும். மூன்றாவது, உழவு டயர். உயரமான ரப்பர் வரப்புகள் கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கூராகச் சேரும். இடைவெளி அதிகம், சக்கரம் சுற்றச் சுற்ற சேற்றைத் தானாகவே துப்பும். களிமண்ணுக்கு இதுதான். இணையத்தில் நூறு பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதும் இவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. முன்னே போகும்போது அந்தக் கூர்முனை முதலில் தரையைக் கடிக்க வேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கி வெளியே போகும். திருப்பி மாட்டினால் சேறு நடுவுக்கு வந்து குந்திக்கொள்ளும்.*

* கூர்முனை முதலில் பதிவதால், சரியாக மாட்டிய டயரின் தடத்தில் அது அம்புபோல வண்டி வந்த திசையைப் பார்த்திருக்கும். போகிற திசையை அல்ல. இதை இன்னொரு முறை படியுங்கள். நானே மேசைமேல் டம்ளரை உருட்டிப் பார்த்துத்தான் எழுதினேன்.

4

டிராக்டரை வாங்கியவர் அத்தான். புல்தரை டயரோடு வாங்கினார். ஏன் என்றால், "பாக்க நீட்டா இருக்கு." முதல் மழையிலேயே அது வாசலைத் தாண்டவில்லை. அக்கா என்னைக் கேட்டு, நாலு சக்கரத்துக்கும் உழவு டயர் மாற்றிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போது அத்தான் பட்டறையிலிருந்து தூரிகையும் கையுமாக வெளியே வந்தார்.

"நில்லு, நில்லு. பின்னால தடத்தப் பாரு."

"என்ன தடத்துல?"

"அம்பெல்லாம் பின்னாடி காட்டுது. நீ போறது ஒரு பக்கம், அம்பு காட்டறது ஒரு பக்கம். டயர மாத்தி மாட்டிட்டான்."

"கடைக்காரரு பாத்துதாங்க மாட்டினாரு."

"அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்னு எனக்கே சொல்லித் தர்றியா? பாதி ஊரு நான் வரைஞ்ச அம்பப் பாத்துதான் வீடு போய்ச் சேருது."

அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு டயர்க்கடைக்குப் போனார். கடைக்காரர் சொல்லித்தான் பார்த்திருக்கிறார். "சார், டயரோட பக்கவாட்டுல சின்னதா அம்பு இருக்கு பாருங்க. அதான் சுத்தற திசை." அத்தான் குனிந்து பார்த்தாராம். "இதெல்லாம் ஒரு அம்பா? தலைக்கும் வாலுக்கும் அளவே சரியில்ல. எவனோ தொழில் தெரியாதவன் போட்டது."

[இந்த இடத்தில் டயர்க்கடைக்காரர் ஏதாவது ஆழமாகச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது தெரிகிறது. கிரீஸ் படிந்த கை, எளிய மனிதர், பெரிய உண்மை. அவர் சொன்னது இதுதான்: "உங்க வண்டி, உங்க டயர். எனக்கென்ன?" இடப்பக்கச் சக்கரங்களை வலப்பக்கமும் வலப்பக்கத்தவற்றை இடப்பக்கமும் மாற்றி மாட்டிவிட்டு, போனைப் பார்க்கப் போய்விட்டார்.]

வீட்டுக்கு வந்த அத்தான் தடத்தைப் பார்த்தார். அம்பெல்லாம் இப்போது ஒழுங்காக முன்னே காட்டின. மனம் குளிர்ந்துபோய், டயரின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் பட்டறையின் பெயரை எழுதினார். அந்த அளவு சரியில்லாத சின்ன அம்பு பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது.

5

ஒரு சந்தேகம். இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று கேட்பீர்கள். மிகைப்படுத்தல் என்று விமர்சனம் எழுதுகிற நண்பர் ஒருவர் இப்போதே பேனாவைத் திறந்திருப்பார். நான் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். முழுசாக எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அதற்காக அவரை வெறும் கோமாளியாக்கவும் முடியவில்லை. மழை தொடங்கியதும் டிராக்டர் நடுவழியில் மாட்டிக்கொண்டது. மறுநாளும் மாட்டிக்கொண்டது. அதற்கு மறுநாள் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் அத்தான் முழங்கால் சேற்றில் இறங்கிப் போய், கயிறு கட்டி இழுக்க ஆள் வரும்வரை தான் நனைந்துகொண்டு அவளுக்குக் குடை பிடித்தார். குடை பிடித்துக்கொண்டே திட்டினார்.

"டயரு புதுசு, வண்டி புதுசு. ஓட்டறதுலதான் கோளாறு. உனக்கு ஓட்ட வரல."

"நல்லாத்தாங்க ஓட்டறேன். இழுக்க மாட்டேங்குது."

"அதான் சொல்றேன், ஓட்ட வரல. காது நனையுது, குடைக்குள்ள வா."

அந்தக் குடைக்காக அவரை எனக்குப் பிடிக்கும். அந்த வாய்க்காக அந்தக் குடையைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போலவும் இருக்கும்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம், சோற்றுத் தட்டின் முன்னால் தீர்ப்பு வந்தது. நாளை விலைக்குக் கேட்ட ஆள் வந்து டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பண்ணையை மூடிவிடலாம். அக்கா பட்டறையில் எழுத்துகளுக்கு வண்ணம் நிரப்பலாம். உட்கார்ந்து செய்கிற வேலை, உடம்புக்கு நல்லது.

"செடியெல்லாம்?"

"செடிக்கென்ன, ஓடியா போயிடப் போவுது?"

அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே செடி வளர்க்கிறவள். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் அவளுக்காக அது துளிர்க்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு இனி காலமெல்லாம் அவருடைய அம்புகளுக்குள் வெள்ளை நிரப்ப வேண்டும். அதுவும் ஓட்டத் தெரியாதவள் என்ற பட்டத்தோடு. அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

6

நடுவழியில் மாட்டியது. வழக்கமான இடம், வழக்கமான உறுமல். கோபத்தில் ரிவர்ஸ் கியரைப் போட்டு அழுத்தியிருக்கிறாள். வண்டி சேற்றைத் துப்பிக்கொண்டு பின்பக்கமாகச் சமர்த்தாக ஏறி வந்துவிட்டது.

திரும்ப முன்னே விட்டாள், மாட்டியது. பின்னே விட்டாள், வந்தது. கீழே இறங்கி, கிளை நறுக்குகிற கத்தியால் அந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினாள். அங்கிருந்தே எனக்குப் போன்.

"தம்பி, அம்பு பின்னாடி பாக்குதுடா."

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"சொன்னா? 'அப்ப நான் முட்டாளா'ம்பாரு. அப்புறம் ராத்திரி சாப்பிட மாட்டாரு. அவரு மாட்டின டயருக்கு அவரையே நான்தான் சமாதானம் பண்ணணும்." பிறகு கேட்டாள்: "உன் வீட்டுப் பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு?"

என் வீடு தார்ச்சாலையின் மேட்டுப் பக்கம். இடம் சும்மாதான் கிடந்தது.

7

முடிவுகள்.

(அ) அக்கா அத்தானைக் கூட்டிக்கொண்டு போய்ச் சின்ன அம்பைக் காட்டுகிறாள். அவர் கண் கலங்கி, "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று— [எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முடிவு வேண்டுமென்றால் நீங்கள் வார இதழ் வாங்கிப் படிக்கலாம்.]

(ஆ) நள்ளிரவு, பெருமழை, பிரசவ வலியில் பக்கத்து வீட்டுப் பெண், சேற்றைக் கடக்க ஒரே வழி டிராக்டர்— [கதையில் மழை வந்தாலே யாராவது பிள்ளை பெற்றாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பக்கத்து வீடே கிடையாது.]

(இ) ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம், மழை விட்டிருந்தது. அக்கா தாய்ச்செடிகளை மட்டும் எடுத்தாள். தாய்ச்செடி என்பது குச்சி ஒடித்துப் புதுக் கன்று எடுப்பதற்காகவே வளர்க்கிற செடி; அது கையில் இருந்தால் பண்ணையை எங்கே வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம். டிராக்டரின் முன்னால் இருக்கும் இரும்பு வாளியில் அவற்றை நெருக்கி அடுக்கினாள். [முதலில் பின்னால் ஒரு டிரெய்லரும் வைத்திருந்தேன். சேற்றில் அதை ரிவர்ஸில் தள்ளினால் குறுக்கே மடங்கிக்கொள்ளும். எடுத்துவிட்டேன். என் கற்பனைக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு.]

ரிவர்ஸ் கியர். வண்டியின் முகம் வீட்டைப் பார்த்தபடி இருக்க, அவள் மட்டும் கழுத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் களிமண் வழி முழுவதையும் பின்பக்கமாகவே ஓட்டிக் கடந்தாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அத்தானுக்கு எந்திரச் சத்தம் கேட்டதாம். எப்படியும் நடுவழியில் மாட்டிக்கொள்வாள், குடையை எடுத்துக்கொண்டு அப்புறம் போகலாம் என்று புரண்டு படுத்தாராம்.

8

இப்போது அக்கா என் வீட்டுப் பின்பக்கம் ரப்பர் குழாயால் டயரைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். தாய்ச்செடிகள் சுவரோரம் இருக்கின்றன. அத்தான் போனில் இருக்கிறார். அவளுக்கும் கேட்கட்டும் என்று நான் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டேன்.

"டேய், உங்க அக்கா காலையில வண்டிய எடுத்துட்டுப் போனா. போய்ட்டு வந்துட்டா போல."

"எப்படிச் சொல்றீங்க அத்தான்?"

"தடந்தான் சொல்லுதே. அம்பு பூரா வீட்டப் பாத்துதான் இருக்கு, ஒண்ணு விடாம. போன தடத்து மேலயே வந்திருக்கா போல, வந்த தடம் மட்டும் இருக்கு. ஒரு பள்ளம் இல்ல, ஒரு வழுக்கல் இல்ல. நூல் பிடிச்ச மாதிரி வந்திருக்கா." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்லா ஓட்டியிருக்காடா. நான்தான் தெரியலன்னு சொல்லிட்டேன். வர்றவன்கிட்ட வண்டி குடுக்கறதில்லன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

அக்கா குழாயைத் தரையில் போட்டாள். தண்ணீர் அவள் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"ஆளத்தான் காணோம்" என்றார் அத்தான். "வண்டியையும் காணோம். கொட்டகைக்குப் பின்னால விட்டுட்டுச் செடிகிட்ட நின்னுட்டிருப்பா. டீ போட்டு வெச்சிருக்கேன். நீயே சொல்லு, இன்னொரு தரம் சூடு பண்ணவா, இல்ல வந்துருவாளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லு என்றும் அவள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. பாதி கழுவிய டயரில், சுரண்டிய பெயிண்டுக்கு நடுவே அந்தச் சின்ன அம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவு நேரம் நான் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். தடம் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், அது வேறு விஷயம். ஆசிரியர் மண்வாசனை கேட்டாரே, உங்கள் கையிலும் கொஞ்சம் சேறு படட்டும். அவர் வழியில் தடத்துக்குப் பக்கத்தில் நின்று "அலோ, அலோ" என்கிறார். இந்தாருங்கள் போன். அவருக்கு என்ன சொல்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சொல்வதாக இருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள்.