நாலு மாசம்

...அந்த ஸ்டூலைத் தண்ணீர் கேனுக்குக் கொடுத்துவிட்டார்கள், பிரசவ விடுப்பு முடிந்து இன்றைக்குத்தான் கடைக்கு வருகிறேன், வந்ததும் கண்ணில் பட்டது அதுதான், ஏழாம் மாதத்தில் சூப்பர்வைசர் தானே தூக்கி வந்து, உட்காரும்மா, ரெண்டு உயிர் என்று போட்ட ஸ்டூல், இப்போது அதன்மேல் இருபது லிட்டர் கேன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்கு என்ன பிரசவமா, ஆபரேஷனா... வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்தவள் நிற்கிறேன், கேன் உட்கார்ந்திருக்கிறது. கேட்கலாம். கேட்டால், அதான் குழந்தை பிறந்தாயிற்றே என்பார், இப்போது ஒற்றை உயிர்தானே, ஒற்றை உயிருக்கு ஏது ஸ்டூல். திரைச்சீலைக் கடையில் வாங்க வருகிறவர்கள் உட்காரலாம், விற்கிறவள் நின்றுகொண்டே சிரிக்க வேண்டும், சிரிப்பது பரவாயில்லை, தும்மத்தான் பயம், தும்மல் வந்தால் இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு காலைத் தூக்கி... காலையில் ஒரு தடவை ஆயிற்று, பில் போடுகிற பெண் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவளும் குனிந்து தேடினாள்.

தையல் ஆறிவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன், டாக்டர் நேர்கோட்டில்தான் தைத்திருக்கிறார், ஆனால் தையலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு எதுவுமே தெரியவில்லையே, தொட்டால் தெரியவில்லை, கிள்ளினால் தெரியவில்லை, அரிக்கும், சொறிந்தால் அரிக்கிற இடம் மட்டும் கிடைக்காது, வேறு யாருடைய வயிற்றையோ சொறிகிற மாதிரி... உணர்ச்சி மெல்லத் திரும்பும் என்றார் டாக்டர், ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு என்று இழுத்தார், அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சிலருக்கு என்ன? அந்தச் சிலரில் நான் உண்டா இல்லையா? தினமும் காலையில் கரண்டியைத் தண்ணீரில் நனைத்து அங்கே வைத்துப் பார்க்கிறேன், சில்லென்று தெரிகிறதா என்று, ஒரு நாளும் தெரிந்ததில்லை, என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்ன, வயித்துக்கு உப்பு பாக்கறியா?" என்றார், நானும் சிரித்தேன், பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், முப்பது வருடம் கூடவே இருந்த வயிறு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டதே. பெரிதாக இருப்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு அழகாக விழும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவள் நான், என் ஜன்னலுக்கும் இரண்டு மடங்கு துணி ஆகிவிட்டது, மடிப்பும் விழுகிறது, நின்றால் ஒன்று, உட்கார்ந்தால் இரண்டு. மாமியார் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் போய்விடும் என்கிறார். போவது போகட்டும் அத்தை, எனக்கு வர வேண்டியது ஒன்று இருக்கிறது.

மேல் தட்டிலிருந்து நீலத் துணிச் சுருளை இறக்கச் சொன்னார் சூப்பர்வைசர், பத்து கிலோ இருக்கும், நானும் கையை உயர்த்திவிட்டேன், அப்போதுதான் மழையில் நனைந்த குடையும் ஜன்னல் அளவு எழுதிய சீட்டுமாக உள்ளே வந்த ஒரு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை மாசம்?" என்றார். குழந்தையைக் கேட்கிறார் என்று நினைத்தேன், காலையிலிருந்து எல்லாரும் அவனைத்தானே கேட்கிறார்கள், "நாலு மாசம்க்கா" என்றேன், பெருமையாக வேறு. அவ்வளவுதான், அக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "நாலு மாசப் புள்ளத்தாச்சியப் போய் வெயிட் தூக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் திருதிருவென்று முழித்தார், என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர், பிறந்த குழந்தைக்கே நாலு மாதம்தானே, இது எப்படி நாலு மாதம் என்று பாவம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார், கணக்கு வரவில்லை, ஆனால் சீட்டில் மூன்று ஜன்னலும் ஒரு பால்கனியும் இருந்தன, கேனைக் கட்டிப்பிடித்து இறக்கினார், தன் கைக்குட்டையாலேயே ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். இல்லீங்கக்கா என்று வாய்வரை வந்தது... ஆனால் நான் சொன்னது பொய்யா? நாலு மாசம் என்றேன், நாலு மாசம்தான், உள்ளேயா வெளியேயா என்று அவர் கேட்கவில்லையே.

உட்கார்ந்தேன், அப்பாடா, உட்காருவதில் இவ்வளவு சுகமா, அக்கா துணியை ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நல்லா சாப்பிடணும், நல்லா தூங்கணும் என்று சொல்லிக்கொண்டே போனார், நாலு மாதமாக என்னிடம் யாரும் தூங்கு என்று சொல்லவில்லை, தூங்கிட்டானா என்றுதான் கேட்டிருக்கிறார்கள், வயிறு நிறைந்திருந்தபோது ஊரே தாங்கியது, காலியானதும் கேன் வைக்க ஸ்டூலை எடுத்துக்கொண்டது... அதற்காக இந்த நல்ல மனுஷியை ஏமாற்றுவதா? சொல்லிவிடலாம், துணியை அளந்து முடித்ததும் சொல்லிவிடலாம், இல்லை, பில் போட்டதும், அதுதான் சரி. அதற்குள் அக்கா குனிந்து, தொட்டுப் பார்க்கட்டுமா என்றார், யோசிக்கும் முன் தலை ஆடிவிட்டது, குடை பிடித்திருந்த கையை என் புடவைக்கு மேலேயே வைத்தார், சரியாக அந்த இடத்தில், வைக்கட்டும், எனக்கென்ன தெரியப்போகிறது என்று நானும் அவர் விரல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், மழையில் விறைத்த விரல்கள், ஈரம்கூட... ஈரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்ததுதானே? கண்ணை மூடினேன். எங்கேயோ தூரத்தில், அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி, சில்லென்று ஒன்று, இருக்கிறதா, இல்லையா, என் ஆசையா...

"அசைவு தெரியுதா?" என்றார் அக்கா.

"தெரியுதுக்கா" என்றேன். பொய்யா என்று எனக்கே தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் கையை எடுத்துவிடுவார், எடுத்துவிட்டால் அந்தச் சில் போய்விடும், வீட்டில் கரண்டி வைத்தும் தெரியாமல் போனால் நான் எங்கே போய்த் தேடுவது?

"எடுத்துடாதீங்கக்கா" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைங்க."