வீட்டு அபிப்பிராயம்

இறந்த கணவரின் கையருகே கினுயே செருகி வைத்த புத்தகத்தை, இறுதிச் சடங்கு நிலையத்து ஊழியர் சவப்பெட்டிக்குள்ளிருந்து இரண்டு கைகளாலும் எடுத்து அவளிடமே நீட்டினார். குனிந்து வணங்கிவிட்டுத்தான் எடுத்தார். இருந்தாலும் எடுத்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. தடிப் புத்தகம் முழுசா எரியாது. சாம்பல் எலும்பு மேல படிஞ்சிடும். அப்புறம் நீங்க எலும்பு எடுக்கும்போது சங்கடம். மெல்லிசா ஒரு காகிதம், போட்டோ, அப்படி எதுனா இருந்தா வைங்க."

"புடிச்ச பொருளை வைக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேம்மா. புத்தகம்னு நினைக்கல."

கினுயேவின் முகம் சிவந்தது. உண்மையைச் சொன்னால், அவள் அதை ஆசையாக ஒன்றும் வைக்கவில்லை. கட்டிக்கொண்டு போங்கள், இனி யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்ற கோபத்தில்தான் வைத்தாள். வியாழக்கிழமை காலை உணவு முடிந்து நாற்காலியில் சாய்ந்த மொரிஹிகோ அப்படியே போய்விட்டார். அப்போதும் மடியில் இந்தப் புத்தகம்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகத் தோன்றவில்லை மனிதருக்கு.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்கிய காலத்தில் ஒரு பக்கம் படித்தவரில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் பித்துப் பிடித்தது. கைபேசியில் ஒரு குழு. எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளாளுக்கு எதுவரை வந்தோம், என்ன நினைக்கிறோம் என்று எழுதுவார்கள். அன்று மட்டும் மொரிஹிகோ தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் கைபேசியைப் பார்த்துத் தனக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் கினுயேவால் தாங்க முடியாது. முப்பது வருஷமாக எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குக் காட்டாத சிரிப்பை, முகம் தெரியாத யாருக்கோ காட்டுகிறாரே என்று வயிறு எரியும். பிள்ளையில்லாத வீடு. அதில் இருந்த ஒரே ஆளும் ஞாயிறுதோறும் வேறெங்கோ போய்விடுவார்.

அவர் செத்த செய்தியை அந்தக் குழுவுக்குச் சொன்னது அவள் இல்லை. கொழுந்தன் குனிஜிதான் அண்ணனின் கைபேசியைத் திறந்து தெரிவித்துவிட்டான்.

"அண்ணி, அந்தப் புத்தகக்காரங்க மூணு பேரு வந்திருக்காங்க," என்று இப்போது அவனே வந்து காதில் சொன்னான். "ஒருத்தர் படகு ஏறி வந்திருக்காராம்."

"வந்தா ஊதுபத்தி ஏத்திட்டுப் போகச் சொல்லு."

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து படத்துக்கு முன் வணங்கினார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மிசாவோ, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஹயாமி, இன்னொருவர் பேச்சே வராமல் அழுதுகொண்டிருந்த இளைஞர். பெட்டியை மூடுமுன் எல்லோரும் பூ வைத்தார்கள். ஹயாமி வெள்ளைச் சாமந்தியை வைத்துவிட்டு நகராமல் நின்றார். பிறகு குனிந்து, இறந்தவரின் காதருகே வாயைக் கொண்டுபோய், எதையோ வெகு நேரம் சொன்னார். குனிஜிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கினுயேவுக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரியாத ரகசியம் இப்போதுமா?

வந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்தபோதுதான் விசித்திரம் நடந்தது. கடவுளுக்குக் குனிவதைப்போல மூவரும் அவளுக்குக் குனிந்தார்கள்.

"நீங்கதானே அவங்க?" என்றாள் மிசாவோ.

"எவங்க?"

"வீட்டு அபிப்பிராயம்."

கினுயே விழித்தாள். மிசாவோ தன் கைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினாள். மொரிஹிகோ போன ஞாயிறு எழுதியது அதில் இருந்தது. 'என் அபிப்பிராயம்: நன்றாக இருக்கிறது.' அவ்வளவுதான். அதற்குக் கீழே, 'வீட்டு அபிப்பிராயம்' என்று போட்டு ஒரு முழம் நீளத்துக்கு எழுதியிருந்தார்.

"எந்தப் புத்தகமானாலும் அவருக்கு 'நன்றாக இருக்கிறது' மட்டும்தாம்மா. நாங்க அதைத் தாண்டி நேரா கீழேதான் போவோம்," என்றார் ஹயாமி. "போன வாரம் என்ன போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"நான் எங்கே போட்டேன்?"

"நீங்க சொன்னதைத்தானே அவர் போட்டார். கதையில அந்த ஆளு, விட்டுட்டுப் போன பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்க இனிப்புப் பெட்டியோட போறான். எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நீங்கதான் சொல்லியிருக்கீங்க…"

"அவளுக்குப் பல்வலி," என்றாள் கினுயே, யோசிக்காமல்.

"ஆமா!"

"அவ பல்வலியில துடிக்கிறாள்னு ஆரம்பத்துலயே சொன்னாரே அவர். முள்ளங்கி நறுக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு எது ஒத்துக்காதுன்னு தெரியாதவன் என்ன மன்னிப்பு கேக்கறதுன்னேன். அவரு புத்தகத்தை மூடிட்டு அடுப்படியிலயே நின்னு சிரிச்சாரு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சிரித்தார்தான். ராத்திரிச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவர் கதை சொல்வார், இவள் குறை சொல்வாள், அவர் அடுத்த பக்கம் போகமாட்டார். அது ஏதோ அவளைச் சும்மா இருக்க விடாமல் செய்யும் சீண்டல் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"அதனாலதான் குழுவுலயே அவர் ஆமை," என்றாள் மிசாவோ. "எங்க குழுவுல ஒரு சட்டம். கடைசியில வர்ற ஆளு எங்கே இருக்காரோ அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது. அவருக்காகக் காத்திருந்தே எங்களுக்குப் பொறுமை வந்துச்சு. கேட்டா, 'வீட்டுல இன்னும் சண்டை முடியலை'ம்பார்."

ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு எதற்கென்று கினுயேவுக்கு இப்போது புரிந்தது. அவள் முந்தின நாள் சொன்னதை எழுத்தில் ஏற்றும்போது சிரித்திருக்கிறார். எதிரே இருந்தவளிடமும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். கல்லுளிமங்கன். கண் நிறைந்து, எதிரே நின்ற மூன்று பேரும் கலங்கலாகத் தெரிந்தார்கள்.

"குனிஜி," என்றாள், "இவங்களையும் வண்டியில ஏத்திக்கோ. எரிக்கிற இடத்துக்கு வரட்டும்."

"அண்ணி, அது குடும்பத்துக்காரங்க மட்டும்…"

"ஏத்திக்கோன்னேன்."

தகன நிலையத்தில், உலைக் கதவு மூடிய பிறகு, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தார்கள். பாய், தாழ்ந்த மேசை, தேநீர், பெட்டிச் சாப்பாடு. யாரும் சாப்பிடவில்லை. குனிஜி மட்டும் நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தான். புத்தகம் கினுயேவின் மடியில் இருந்தது.

"அவ மன்னிக்கிறாளா?" என்று கேட்டாள் திடீரென்று.

மூன்று பேரும் தங்கள் மடியைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குத் தெரியும். அவருக்காகக் காத்திருக்கறோம்னு சொல்லிட்டு எல்லாரும் திருட்டுத்தனமா முடிச்சிருப்பீங்க."

"முடிச்சோம்," என்று முனகினார் அந்த இளைஞர்.

"அப்ப சொல்லுங்க."

"முடியாதும்மா," என்றார் ஹயாமி. "நீங்க இன்னும் இனிப்புப் பெட்டியிலயே இருக்கீங்க."

"செத்த வீட்டுலகூடவா சட்டம்? அவர் போய்ச் சேர்ந்துட்டார். இனி யார் ஆமை?"

"அவருக்குச் சொல்லிட்டேன்." ஹயாமி தயங்கினார். "பூ வைக்கும்போது. பாதியில போகக் கூடாதுன்னு தோணிச்சு. கடைசி அத்தியாயம் பூரா சொன்னேன். அவசரத்துல ஒண்ணு ரெண்டு விட்டிருப்பேன்."

மிசாவோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கினுயே அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதன்முறையாக, மொரிஹிகோ அவளுக்குச் சொல்லாமல் கதையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே எங்கேயோ உட்கார்ந்து, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருப்பார். கோபமும் வந்தது, அதைவிட அதிகமாக அவர்மேல் ஆசையும் வந்தது.

"எனக்குப் படிக்க வராது," என்றாள். "விளம்பரத் துண்டு படிப்பேன். அவ்வளவுதான்."

"நிதானமா வாங்க," என்றாள் மிசாவோ. "நாங்க காத்திருக்கறோம்."

கணவர் அடையாளத்துக்குச் செருகியிருந்த கயிறு இருந்த இடத்தில் கினுயே புத்தகத்தைத் திறந்தாள். எழுத்து பொடியாக இருந்தது. குனிஜியின் மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. இரண்டு வரிக்கு ஒருமுறை நின்று மூச்சுவிட்டாள். ஓரிடத்தில் "சீ, இவனும் ஒரு ஆம்பளையா!" என்று உரக்கவே சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஹயாமி மட்டும் தலையாட்டினார்.

அறைக் கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் வாசலில் மண்டியிட்டு வணங்கினார்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. எலும்பு எடுக்க வரலாம்."

குனிஜி எழுந்தான். மற்றவர்களும் எழுந்தார்கள். கினுயே விரலை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "இந்தப் பக்கம் முடியட்டும்."