மேலே, கல்லறைப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதுதான் என் தொல்லை.

கிரானடா நகரத்து அல்ஹம்பிரா அரண்மனைக்கு அப்பா ஃபெர்மின் மூன்று மாதம் முன்பே நாலு டிக்கெட் வாங்கிவைத்தார். ஒவ்வொன்றிலும் ஆள் பெயர், நுழையும் நேரம்: பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள். பிறகு இறந்துபோனார். டிக்கெட் வீணாகக் கூடாது என்று அம்மா, தம்பி தோர்குவாத்தோ, நான், மூவரும் எங்கள் ஊர் மோத்ரிலிலிருந்து காரில் கிளம்பினோம்.

(அம்மா நாலு பேருக்குச் சாப்பாடு கட்டினாள் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். மூன்றுதான் கட்டினாள். என் அம்மா ஆங்குஸ்தியாஸ் ரொட்டியை வீணாக்குகிறவள் இல்லை.)

2

'செந்நிறச் சுவர்களின் மேல் காலை வெயில்...' வேண்டாம். சுவர் அதுபாட்டுக்கு நிற்கட்டும். எனக்கு வேண்டியது அம்மாவின் வாய். அடக்கம் முடிந்த நாளிலிருந்து, அப்பா இறந்துவிட்டார் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கல்லறைக்கும் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

3

வாசலில் இருந்தவர் கிரானடாக்காரர்களுக்கே உரிய சிடுசிடுப்போடு எண்ணினார்.

"டிக்கெட் நாலு, ஆளு மூணு. யாரு இந்த ஃபெர்மின்? எங்க அவரு?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "மேல, கல்லறைப் பக்கம் இருக்காரு."

"காரை அங்க போட்டுட்டாரா? ஓசியில நிறுத்தணும்னா எல்லாரும் அங்கதான் ஓடுறாங்க. வர்றதுக்கு நேரமாகுமே?"

"ஆகும்."

"பதினொண்ணுக்கு மேல விடமாட்டேன். சொல்லிடுங்க அவர்கிட்ட."

"நான் சொல்லி அவரு என்னைக்குக் கேட்டாரு!"

தோர்குவாத்தோ என் காலை மிதித்தான். [சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா? பிறகு முடிவு செய்ய வேண்டும்.]

(இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். கல்லறைத் தோட்டத்தை அரண்மனைக்கு மேலே வைத்தது நானில்லை. கிரானடாக்காரரான அப்பாவை அங்கேதான் அடக்கம் செய்தோம். உயிரோடு இருந்தபோதும் அப்பா அங்கேதான் காரை நிறுத்துவார்.)

4

அரண்மனையைப் பார்த்தோம். நன்றாக இருந்தது.

மாலையில் தம்பி சாலை பிரியும் இடத்தில் காரை நிறுத்தினான். இடப்பக்கம் வீட்டுக்கு, வலப்பக்கம் மேலே. அம்மாவின் மடியில் நாலாவது டிக்கெட்.

"எந்தப் பக்கம்மா?"

முடிவு அ: "மேல போடா. இதைக் குடுத்துட்டு வந்துடலாம்."

முடிவு ஆ: "பதினொண்ணு எப்பவோ தாண்டிடுச்சுல்ல? இனிமே அவரு வரமாட்டாரு. வீட்டுக்குப் போ."

ஒன்று அம்மா சொன்னது. மற்றது, அவள் சொல்ல வேண்டும் என்று நான் ஏங்கியது. எது எதுவென்று எழுத எனக்குத் தைரியமில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான், தோர்குவாத்தோ இன்னும் திரும்பாமல் காத்திருக்கிறான். நீங்களே அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.