மச்சானுக்குக் கொடுத்த காப்பிப்பொடி

பெருமையடித்துக்கொள்ளாவிட்டால் தேவசிகாமணிக்குச் சோறு இறங்காது. செம்மநத்தம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். முதலாளி பாலசுப்பிரமணியத்துக்குத் தூண்டில் பைத்தியம். ஏற்காட்டு ஏரியில் கெண்டை பிடித்து அலுத்துப்போய், தூத்துக்குடிக்குப் போய்க் கடலில் பெரிய மீனாகப் பிடிக்க வேண்டும் என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். தேவசிகாமணி கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நம்ம மச்சானுக்கு அங்க நாலு லாஞ்சு ஓடுதுங்க" என்று அடித்துவிட்டார்.

மச்சான் மரியஅந்தோணி, மனைவி லூர்துசெல்வியின் அண்ணன். லாஞ்சு ஓட்டுகிறவர்தான், ஆனால் சம்பளத்துக்கு. ஒரு படகின் பலகைகூட அவருக்குச் சொந்தமில்லை.

முதலாளி விடவில்லை. "மச்சானை ஒருதரம் வரச் சொல்லுங்க ரைட்டர். உக்காந்து பேசி எல்லாம் முடிவு பண்ணிடலாம்."

தேவசிகாமணியும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். மச்சான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு அழைத்துப்போய்க் குளிக்க வைத்து, தன் சலவை வேட்டி சட்டையை மாட்டிவிட்டு, நாலு லாஞ்சு கதையையும் சொல்லிக்கொடுத்து, அப்புறம் பங்களாவுக்குக் கூட்டிப்போவது. ஆனால் பஸ் நிற்பது பங்களா கேட்டுக்கு எதிரில். அன்றைக்கென்று முதலாளி சேலத்து நண்பர் ஒருவரோடு கேட்டிலேயே நின்றிருந்தார்.

மரியஅந்தோணி கைலியோடு இறங்கினார். குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தார். கையில் இருந்த ஓலைப்பெட்டியிலிருந்து கருவாட்டு வாடை ரோடு முழுக்க வந்தது. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"யாரு ரைட்டர், மச்சானா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. மச்சானால வர முடியலீங்க. இவரு அவரோட லாஞ்சுல டிரைவருங்க. வெவரம் பேசறதுக்கு அனுப்பியிருக்காருங்க."

மரியஅந்தோணி சொல்ல வந்த 'மாப்ள'யை விழுங்கினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாய்யா" என்றார்.

பங்களா மேசையில் புதுத் தூண்டில்களைப் பரப்பிப் பேச்சு நடந்தது. முதலாளி மே மாதக் கடைசி என்றார். "வைகாசி பொறந்துட்டா கச்சான் காத்து ஏறி கடல் கொந்தளிக்கும்யா. பங்குனியில வாங்க. பாறை மீனும் சீலா மீனும் நல்லா கடிக்கும்" என்றார் மரியஅந்தோணி. ஜீப்பில் மதுரை வரை போய்ப் படுப்பது, மறுநாள் தூத்துக்குடி, அதற்கடுத்த நாள் விடியுமுன் கடலுக்குக் கிளம்புவது என்று எல்லாம் முடிவாயிற்று. முதலாளிக்கு ஆளை மிகவும் பிடித்துப்போனது.

கூட வரப்போகிற சேலத்து நண்பர்தான் குரலைத் தாழ்த்தினார். ஆனால் போதுமான அளவு தாழ்த்தவில்லை. "ஏன் ரைட்டர், ஆளு குடிப்பானா? கடல்ல நம்ம உசுரு அவன் கையில."

குடித்தே செத்துப்போன அப்பனைத் தூக்கிச் சுமந்தவர் மரியஅந்தோணி. அந்தப் பக்கமே போகாதவர். இது தேவசிகாமணிக்குத் தெரியும். குடிக்க மாட்டார் என்று அடித்துச் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்களே என்றுதான் பயந்தார்.

"கடல்காரங்கதானுங்களே. நான் கூட இருந்து பாத்துக்கறேங்க."

மரியஅந்தோணி காப்பிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது முதலாளி அவரிடம் ஒரு பெரிய காப்பிப்பொடிப் பொட்டலத்தைக் கொடுத்தார். "ரைட்டரோட மச்சானுக்கு நான் குடுத்ததாச் சொல்லுங்க."

போகிற வழியில், "மச்சான், அது வந்துங்க..." என்று தேவசிகாமணி ஆரம்பித்தார்.

"வீடு இன்னும் எம்புட்டுத் தூரம் மாப்ள?" என்றார் மச்சான்.

லூர்துசெல்வி சோறு போடும்போது கேட்டாள். "ஏண்ணே, மொதலாளி ஒங்கிட்ட மரியாதையா பேசுனாரா?"

"பேசாம என்ன? மச்சானுக்குன்னு சொல்லித்தான் இந்தக் காப்பிப்பொடியக் குடுத்தாரு."

அவள் முகம் மலர்ந்துபோனது. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்ததிலிருந்து அவள் பிறந்த வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை நல்லதாகக் கேட்டதில்லை. "நீங்கதான் பக்கத்துல நின்னு சொல்லியிருப்பீங்க" என்று கணவர் தட்டில் பெரிய மீன் துண்டாக எடுத்து வைத்தாள். தேவசிகாமணிக்கு அவமானமாக இருந்தது. அந்தத் துண்டைத் தொட முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். மச்சான், "ரசம் ஊத்து தாயி" என்று தட்டை நீட்டினார்.

காலையில் அவளே பொட்டலத்தை ஓலைப்பெட்டியில் வைத்துக் கட்டினாள். "மொதலாளி குடுத்ததுன்னு அம்மாகிட்ட மறக்காமச் சொல்லு."

பஸ் வந்து நின்றதும் மரியஅந்தோணி பெட்டியைப் பிரித்தார். "பங்குனியில எல்லாரையும் கூட்டிட்டு வாங்க மாப்ள. லாஞ்சுக்கு நான் சொல்லி வைக்கேன். டிரைவராவே வாரேன்." பொட்டலத்தை எடுத்துத் தேவசிகாமணியின் கையில் வைத்தார்.

"இத, ஒங்க மச்சான் வந்தா குடுத்துருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். பஸ் போய்விட்டது.

லூர்துசெல்வி தன் கையால் வைத்துக் கட்டிய பொட்டலம். அதோடு வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல், அடுத்த பஸ் வந்து ஆட்கள் இறங்கும்வரை தேவசிகாமணி அங்கேயே நின்றார்.